பழைய கணினியில் பஸ் வேகத்தை ஏற்றுவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பழைய கணினிகளைக் கழற்றி மாட்டும் பழக்கம் எனக்கு உண்டு. அது தெரிந்த எல்லோரும் என்றாவது ஒரு நாள் ஒரு மதர்போர்டோடு வந்து நிற்கிறார்கள். போர்டு வேறு, சிபியு வேறு, ஆனால் சந்தேகம் மட்டும் அதே சந்தேகம். ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டி அலுத்துவிட்டதால் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பென்டியம் காலத்திலிருந்து கோர் 2 வரையுள்ள இயந்திரங்களுக்குத்தான் இது பொருந்தும். அதற்குப் பிந்தையவை பற்றிக் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

எஃப்எஸ்பி எஃப்எஸ்பினு எல்லாரும் சொல்றாங்க. அது சிபியு வேகமா, வேற ஏதாவதா?

வேறு. மதர்போர்டில் கிளாக் ஜெனரேட்டர் என்று ஒரு சின்ன சிப் இருக்கும். அதன் பக்கத்திலேயே 14.318 என்று பொறித்த வெள்ளி நிறக் கிரிஸ்டல் ஒன்று நிற்கும். அந்தக் கிரிஸ்டலின் துடிப்பை வைத்துத்தான் போர்டுக்குத் தேவையான பல வேகங்களை இந்தச் சிப் உண்டாக்குகிறது. அவற்றில் சிபியுவுக்கும், அதை ரேமோடு இணைக்கும் நார்த்பிரிட்ஜ் சிப்புக்கும் நடுவில் இருக்கும் பாதைக்கு (ஃப்ரண்ட் சைட் பஸ்) போவது எஃப்எஸ்பி.

சிபியு அந்தத் துடிப்பை வாங்கி, தன் மல்டிப்ளையரால் பெருக்கிக்கொள்ளும். பஸ் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 4.5 என்றால் சிபியு 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஓவர்கிளாக் செய்கிறவர், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர், தொடுவது இந்த இரண்டு எண்களில் ஒன்றைத்தான்.

பெட்டியில 800 எஃப்எஸ்பினு போட்டிருக்கு, சிபியு-இசட்ல பாத்தா 200 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. சிபியு விவரங்களைக் காட்டும் மென்பொருளான சிபியு-இசட் உண்மையான துடிப்பைக் காட்டுகிறது. பென்டியம் 4-இன் பஸ் ஒரு துடிப்புக்கு 4 முறை தரவை அனுப்பும். அதனால் 200 என்பது விளம்பரத்தில் 800 ஆகிவிட்டது. ஏஎம்டியின் ஆத்லான் ஒரு துடிப்புக்கு 2 முறை அனுப்பும். 166 அங்கே 333 ஆனது. ரேமிலும் இதே கதைதான். டிடிஆர்400 என்பது உண்மையில் 200 மெகாஹெர்ட்ஸ்.

கணக்குப் போடும்போது எப்போதும் பெருக்காத எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுக்க நானும் அப்படித்தான் எழுதுகிறேன். இன்னொன்று: 33, 66, 133, 166 என்று நாம் சொல்வதெல்லாம் வாய்க்கு வசதியான எண்கள். சரியாகச் சொன்னால் 33.33, 66.67, 133.33, 166.67. பெருக்கும்போது ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் இடித்தால் காரணம் அதுதான்.

மல்டிப்ளையரை மட்டும் ஏத்தினா போதாதா? எதுக்கு பஸ்ஸைத் தொடணும்?

முடிந்தால் போதும்தான். போர்டில் வேறு எதுவும் அசையாது என்பதால் அதுவே பாதுகாப்பான வழி. ஆனால் இன்டெல் 1998 வாக்கிலேயே மல்டிப்ளையரைப் பூட்டிவிட்டது. அப்புறம் பெரும்பாலான இன்டெல் சிப்களில் பஸ் ஒன்றுதான் மிச்சம்.

ஏஎம்டியிடம் கொஞ்சம் தாராளம் இருந்தது. 2000-இல் வந்த தண்டர்பேர்ட், டியூரான் சிப்களின் முதுகில் எல்1 என்று குறித்த சின்னப் பாலங்கள் இருக்கும். அறுந்திருக்கும் பாலங்களைச் சாதாரணப் பென்சிலால் தேய்த்து இணைத்தாலே பூட்டு திறந்துகொள்ளும். அடுத்து வந்த ஆத்லான் எக்ஸ்பியில் அந்த இடத்தில் குழி விழுந்திருந்ததால் பென்சில் எடுபடவில்லை. குழியை நிரப்பி, மின்சாரம் கடத்தும் பெயின்ட் பூச வேண்டியிருந்தது. அதற்கும் முந்தைய கே6-2-இன் பிந்தைய சிப்களில் ஒரு வேடிக்கை உண்டு. போர்டின் ஜம்பரில் (பின்களை இணைத்து வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் சின்ன மூடி) மல்டிப்ளையரை 2 என்று வைத்தால் சிப் அதை 6 என்று எடுத்துக்கொள்ளும். 6-க்கு ஜம்பரே இல்லாத பழைய போர்டுக்காரர்களுக்கு அது பெரிய வரம்.

டிவைடர்னா என்ன? அது எதுக்கு இருக்கு?

போர்டில் இருப்பது சிபியு மட்டுமல்ல. சவுண்டு, நெட்வொர்க் போன்ற கார்டுகளைச் செருகும் பிசிஐ ஸ்லாட்டுகள் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட் 66-இல் ஓட வேண்டும். இவற்றுக்குத் தனித்தனியாகத் துடிப்பு செய்வதற்குப் பதிலாக, பழைய போர்டுகள் எஃப்எஸ்பியையே வகுத்துக் கொடுத்தன. எஃப்எஸ்பி 66 என்றால் பிசிஐக்கு அதில் பாதி, 100 என்றால் மூன்றில் ஒன்று, 133 என்றால் நான்கில் ஒன்று. எப்படி வகுத்தாலும் 33 வரும். இந்த வகுக்கும் எண்தான் டிவைடர்.

சிக்கல் எங்கே என்றால், டிவைடர்கள் முழுப் படிகளாகத்தான் உண்டு. பாதியிலிருந்து மூன்றில் ஒன்றுக்கு ஒரே தாவல். நடுவில் எதுவும் கிடையாது. நீங்கள் வைக்கும் எஃப்எஸ்பி இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால், பிசிஐயும் ஏஜிபியும் கூடவே ஓவர்கிளாக் ஆகிவிடும், நீங்கள் கேட்காமலேயே.

75-ல ஓடுது, 83-ல தொங்குது. ஆனா 100 வெச்சா நல்லா ஓடுது! இது எப்படி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முந்தைய பதில் புரிந்துவிட்டால் இதில் மர்மம் ஒன்றுமில்லை. 66 மெகாஹெர்ட்ஸ் போர்டில் 75 வைத்தால் டிவைடர் இன்னும் பாதிதான், பிசிஐ 37.5. 83 வைத்தால் 41.5. பிசிஐக்கு இது ஏறக்குறைய 25 சதவீத ஓவர்கிளாக். 100 வைத்ததும் டிவைடர் மூன்றில் ஒன்றுக்குத் தாவி, பிசிஐ மறுபடி 33-க்கே வந்துவிடும். சிபியுவுக்குத்தான் வேலை கூடியது. மற்ற எல்லாம் வீட்டில் இருப்பதுபோல நிம்மதியாக இருக்கும். ஆக, 83-இல் தொங்கியது சிபியு அல்ல.

எனக்கு இது உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. 83-இல் ஓட்டிய ஒரு கணினியில் விண்டோஸ் 98-இன் ரெஜிஸ்ட்ரி அடிக்கடி கெட்டுப்போகும். ரேமை மாற்றினேன், சிபியுவுக்கு வோல்டேஜ் ஏற்றினேன், கூடுதலாக ஒரு ஃபேன் வைத்தேன். குற்றவாளி, ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் ஐடிஇ கன்ட்ரோலர். அது சவுத்பிரிட்ஜ் என்ற இன்னொரு சிப்பில் உட்கார்ந்துகொண்டு, ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் நேரக்கணக்கைப் பிசிஐ கிளாக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிசிஐ வேகமாக ஓடினால் அதுவும் வேகமாக ஓடும்; டிஸ்க்கில் எழுதுவது தப்பும் தவறுமாக விழும். திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. ஓவர்கிளாக் செய்த கணினி தொங்கினால் முதலில் சிபியுவைத் திட்டாதீர்கள், பிசிஐ எவ்வளவில் ஓடுகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

செலரான் 300ஏ-வை ஏன் இன்னும் கொண்டாடுறாங்க?

மேலே சொன்ன தாவலுக்கு அச்சாகப் பொருந்திய சிப் அது. 1998-இல் வந்தது, பஸ் 66, மல்டிப்ளையர் 4.5, வேகம் 300. பஸ்ஸை 100 ஆக்கினால் 450. அன்றைக்கு இன்டெல் விற்ற மிக வேகமான பென்டியம் 2-இன் வேகமும் அதே 450தான்.

பல சிப்கள் அந்த வேகத்தைத் தாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பென்டியம் 2-இல் எல்2 கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் சின்ன மெமரி) தனிச் சிப்களாக, சிபியுவில் பாதி வேகத்தில் ஓடியது. 300ஏ-வில் 128 கிலோபைட்தான் என்றாலும் சிபியுவின் உள்ளேயே, முழு வேகத்தில் இருந்தது. சிபியு வேகம் ஏறும்போது வெளியில் இருக்கும் கேஷ் சிப் காலை வாரிவிடும் என்ற பயம் இல்லை. போர்டில் எஃப்எஸ்பி மாற்ற வழி இல்லாதவர்கள், சிபியு பொருத்தப்பட்ட ஸ்லாட் 1 அட்டையில் பி21 என்ற பின்னை டேப் ஒட்டி மறைத்தார்கள். போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்று நம்பிவிடும். எல்லாச் சிப்பும் 450 போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போகாதவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

440பிஎக்ஸ் போர்டுல 133 ஓட்டலாமா? ஏஜிபி கார்டு போயிடுமா?

இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் (போர்டின் முக்கியச் சிப்களின் தொகுதி) அதிகாரபூர்வமாக 66, 100 ஆகிய இரண்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. ஆனாலும் நல்ல போர்டுகளில் 133 ஓடும். பிசிஐக்கு நான்கில் ஒன்று டிவைடர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பிசிஐ 33, கவலையில்லை. ஏஜிபிதான் தகராறு. பிஎக்ஸில் ஏஜிபிக்கு ஒன்றுக்கு ஒன்று, மூன்றில் இரண்டு என்ற இரண்டே டிவைடர்கள். 133-இல் மூன்றில் இரண்டு என்றால் ஏறக்குறைய 89 மெகாஹெர்ட்ஸ். 66-இல் ஓட வேண்டிய ஸ்லாட் அது. அப்புறம் வந்த இன்டெல் 815, வயா நிறுவனத்தின் அப்பல்லோ ப்ரோ 133ஏ ஆகியவற்றில் பாதி என்ற டிவைடரும் இருந்ததால் இந்தத் தொல்லை அங்கே இல்லை.

89-ஐத் தாங்கிய கார்டுகள் உண்டு, திரை முழுக்கக் கோலம் போட்ட கார்டுகளும் உண்டு. தொந்தரவு செய்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) ஏஜிபி 2எக்ஸை 1எக்ஸ் ஆக்கிப் பாருங்கள். கார்டு உடனே எரிந்துபோகாது, தொங்கும், அவ்வளவுதான். ஏஜிபி வேகம் கூடினால் கேம் வேகம் கூடுமா என்றும் சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். கூடாது. கார்டில் இருக்கும் சிப்புக்கும் அதன் மெமரிக்கும் தனிக் கிரிஸ்டல் கார்டிலேயே இருக்கிறது. ஸ்லாட்டின் வேகம் அவற்றைத் தொடாது.

ரேமை மறக்க வேண்டாம். பிஎக்ஸில் ரேம் எப்போதும் எஃப்எஸ்பி வேகத்திலேயே ஓடும். 133 வேண்டுமென்றால் பிசி133 ரேம் வேண்டும்.

பிசிஐ எவ்வளவு வரைக்கும் தாங்கும்?

37.5 வரை பெரும்பாலானவை தாங்கும். 40-ஐத் தாண்டினால் அதிர்ஷ்டம். முதலில் விழுவது வழக்கமாக ஹார்ட் டிஸ்க் பக்கம், பிறகு நெட்வொர்க் கார்டு, சவுண்டு கார்டு. பயாஸில் யூடிஎம்ஏ என்ற டிஸ்க் தரவு வேக முறையை ஒரு படி குறைத்தால் டிஸ்க் சில நேரம் சமாளித்துக்கொள்ளும். எப்படியும் சோதனை நடக்கும்போது உங்கள் புகைப்படங்கள் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். போனால் போகட்டும் என்கிற பழைய டிஸ்க் ஒன்று போதும்.

என் போர்டுல பிசிஐ லாக் இருக்குங்கிறாங்க. அப்படின்னா டிவைடரே வேண்டாமா?

உண்மையிலேயே லாக் இருந்தால், வேண்டாம். லாக் என்றால் பிசிஐயும் ஏஜிபியும் எஃப்எஸ்பியிலிருந்து வகுத்து எடுக்கப்படாமல், தனியாக 33, 66 என்று நிற்கும். நீங்கள் 171, 187 என்று எந்த எண்ணை வேண்டுமானாலும் வைக்கலாம். என்விடியாவின் என்ஃபோர்ஸ்2, இன்டெலின் 865, 875 சிப்செட்டுகளில் இது இருக்கிறது. ஆத்லான் 64 போர்டுகளில் என்ஃபோர்ஸ்3 250-இல் உண்டு. அதற்கு முந்தைய என்ஃபோர்ஸ்3 150-இல் இல்லை. வயாவில் கே8டி800 ப்ரோவில் உண்டு, ப்ரோ இல்லாத கே8டி800-ஐ நம்ப வேண்டாம். பெயரில் ஒரு சொல் வித்தியாசத்துக்கு இவ்வளவு அர்த்தம்.

லாக் இல்லாத வயா போர்டுகளில் டிவைடர் கணக்குதான் கைகொடுக்கும். கேடி266ஏ-வில் ஐந்தில் ஒன்று இல்லை. அதனால் 166 வைத்தால் பிசிஐ 41-ஐத் தாண்டும். கேடி333-இல் ஐந்தில் ஒன்று வந்தது. அதே 166-இல் பிசிஐ 33. ஆத்லான் எக்ஸ்பி 2500+ பார்ட்டனை 166 × 11 = 1833-இலிருந்து 200 × 11 = 2200-க்கு, அதாவது 3200+ வேகத்துக்கு, ஏற்றியவர்களில் பலர் என்ஃபோர்ஸ்2 போர்டைத் தேடிப் போனது இந்த லாக்குக்காகத்தான்.

ரேமை 1:1-ல ஓட்டணுமா, 5:4-ல ஓட்டணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இது வேறு டிவைடர். மேலே சொன்னது பிசிஐ, ஏஜிபிக்கு. இது எஃப்எஸ்பிக்கும் ரேமுக்கும் நடுவில் இருப்பது. 2003-இல் வந்த பென்டியம் 4 2.4சி-யை எடுத்துக்கொள்வோம்: 200 × 12. எஃப்எஸ்பியை 250 ஆக்கினால் சிபியு 3000. 1:1 என்றால் ரேமும் 250, அதாவது டிடிஆர்500 வேண்டும். கையில் டிடிஆர்400தான் இருக்கிறதென்றால் 5:4 வைத்தால் ரேம் 200-லேயே நிற்கும்.

ஒரே எஃப்எஸ்பியில் ஒப்பிட்டால் 1:1 நல்லது. ரேம் வேகமும் கூடும், இரண்டு கிளாக்கும் ஒத்துப்போவதால் காத்திருப்பும் குறையும். ஆனால் 1:1-இல் நிற்க வேண்டும் என்பதற்காக 250-க்குப் பதில் 215-இல் நின்றுவிட்டால் மொத்தத்தில் நஷ்டம். பென்டியம் 4-இல் நான் 5:4 வைத்து சிபியுவை ஏற்றத்தான் சொல்வேன். என்ஃபோர்ஸ்2-இல் நேர்மாறு. அங்கே ரேமும் பஸ்ஸும் ஒத்துப்போகாவிட்டால் அடி பலமாக விழும். 1:1-ஐ விட்டு நகராதீர்கள்.

டைமிங்கையும் நானோ நொடியில் பாருங்கள். 200 மெகாஹெர்ட்ஸில் சிஎல்2 (ரேம் பதில் தர 2 துடிப்பு) என்றால் 10 நானோ நொடி. 250-இல் சிஎல்3 என்றால் 12. வேக எண் பெரிதானாலும் முதல் பதில் வரத் தாமதம் கூடியிருக்கிறது.

ஒரு போர்டுல 5:4-னு இருக்கு, இன்னொண்ணுல 4:5-னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

சில நேரம் ஒன்று, சில நேரம் தலைகீழ். சிலர் பஸ்ஸை முதலில் எழுதுகிறார்கள், சிலர் ரேமை. விகிதத்தை விட்டுவிட்டு, கிடைக்கும் ரேம் வேகத்தைச் சிபியு-இசட்டில் பாருங்கள்.

ஆத்லான் 64-ல எஃப்எஸ்பியே கிடையாதுனு சொல்றாங்க. அப்ப நான் பயாஸ்ல 200-னு மாத்துறது என்ன?

அது அடிப்படைக் கிளாக். மெமரி கன்ட்ரோலர் சிபியுவுக்குள்ளேயே போய்விட்டதால் பழைய அர்த்தத்தில் எஃப்எஸ்பி இல்லை. ஆனால் அந்த 200-ஐ வைத்துத்தான் எல்லாம் பெருக்கப்படுகிறது. சிபியு 9 மடங்கு என்றால் 1800. சிப்செட்டுக்குப் போகும் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் 5 மடங்கு என்றால் 1000. அடிப்படையை 250 ஆக்கினால் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் 1250 ஆகித் தகராறு செய்யும்; அதை 4 மடங்காகக் குறைத்தால் மறுபடி 1000.

ரேம்தான் எல்லோரையும் குழப்புகிறது. இங்கே ரேம் வேகம் சிபியு வேகத்தை ஒரு முழு எண்ணால் வகுத்து வருவது. பயாஸில் டிடிஆர்333 என்று வைத்தால், சிபியு மல்டிப்ளையரை 200-ஆல் பெருக்கி 166.67-ஆல் வகுக்க வேண்டும்: 9 × 200 ÷ 166.67 = 10.8. பின்னம் வந்தால் மேலே உள்ள முழு எண், அதாவது 11. இப்போது சிபியு 250 × 9 = 2250; அதை 11-ஆல் வகுத்தால் ரேம் 204.5. டிடிஆர்400 ரேமுக்கு இது தோதான இடம். டிடிஆர்400 என்றே வைத்திருந்தால் வகுக்கும் எண் 9. ரேம் 250-க்குப் போயிருக்கும்.

கோர் 2-ல எஃப்எஸ்பியை ஏத்தினேன். ஆனா பெஞ்ச்மார்க் குறைஞ்சு போச்சு. ஏன்?

பெரும்பாலும் ஸ்ட்ராப் மாறியிருக்கும். எந்த எஃப்எஸ்பிக்குப் பிறந்த சிபியுவோடு வேலை செய்கிறோம் என்று நார்த்பிரிட்ஜுக்குச் சொல்லும் அமைப்பு ஸ்ட்ராப். 266 ஸ்ட்ராப் என்றால் உள்ளே இறுக்கமான நேரக்கணக்கு, 333 ஸ்ட்ராப் என்றால் தளர்வானது. சில போர்டுகள் ஒரு வேகத்தைத் தாண்டியதும் தாமாகவே தளர்வான ஸ்ட்ராப்புக்கு மாறிவிடும். பஸ் ஏறினாலும் நார்த்பிரிட்ஜ் சோம்பேறி ஆகிவிடுகிறது. பயாஸில் ஸ்ட்ராப்பைக் கையால் வைக்க முடிந்தால் முயன்று பாருங்கள். ரேம் விகிதங்களும் ஸ்ட்ராப்பைப் பொறுத்தே கிடைக்கும் என்பதால், தேடிய விகிதம் பட்டியலில் காணாமல் போனால் அதற்கும் இதுவே காரணம்.

கோர் 2 காலத்துப் போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸை (பிசிஐ, ஏஜிபிக்குப் பின் வந்த ஸ்லாட்) 100 என்று கையால் எழுதி வையுங்கள். ஆட்டோவில் விட வேண்டாம்.

பஸ்ஸை ஏத்தினா விண்டோஸ் கடிகாரம் வேகமா ஓடுமா? யூஎஸ்பி கெட்டுப்போகுமா?

இல்லை. விண்டோஸ் ஓடும்போது நேரத்தை எண்ணும் டைமர் எஃப்எஸ்பியிலிருந்து வருவதில்லை. கணினி அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று. பேட்டரிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். யூஎஸ்பிக்கான 48 மெகாஹெர்ட்ஸும் எஃப்எஸ்பியோடு சேர்ந்து நகராது.

சரி, எந்த வரிசையில செய்யணும்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அசைப்பது. முதலில் பயாஸில் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரத்தை அணைத்துவிடுங்கள். கிளாக்கை வேண்டுமென்றே லேசாக ஆட்டும் வசதி அது. லாக் இருந்தால் போடுங்கள். அடுத்து சிபியு மல்டிப்ளையரைக் குறைத்து, ரேமையும் குறைந்த விகிதத்தில் வைத்து, எஃப்எஸ்பியை மட்டும் ஏற்றிப் போர்டின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். கோர் 2-இல் மல்டிப்ளையரை 6 வரை இறக்கலாம், ஆகவே வசதி. பிறகு எஃப்எஸ்பியை இறக்கி சிபியு எல்லை, கடைசியாக ரேம். ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86, சிபியுவைச் சோதிக்க பிரைம்95. மெம்டெஸ்ட் ஒரு பிழை காட்டினாலும் விண்டோஸுக்குள் போகாதீர்கள். கெட்டுப்போன ரேமோடு எழுதப்படும் ஃபைல் கெட்டதாகவே எழுதப்படும்.

300ஏ போல மேலேயும் கீழேயும் பூட்டிய சிப் என்றால் இந்தப் பிரிப்பு முடியாது. ரேம் டைமிங்கைத் தளர்த்திவைத்து, டிவைடர் தாவும் எண்ணுக்கே நேராகப் போவதுதான் வழி. வோல்டேஜைச் சின்னச் சின்னதாக ஏற்றுங்கள். வேகம் கூடினால் சூடு அதே விகிதத்தில்தான் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தில் கூடும்.

விண்டோஸ்ல இருந்தே பஸ் வேகத்தை மாத்துற சாஃப்ட்வேர் இருக்காமே?

இருக்கிறது. கிளாக்ஜென், செட்எஃப்எஸ்பி போன்றவை கிளாக் ஜெனரேட்டரோடு நேரடியாகப் பேசும். பயாஸில் எதுவும் மாற்ற விடாத போர்டுக்கு நல்ல வழி. ஆனால் உங்கள் போர்டில் இருக்கும் கிளாக் ஜெனரேட்டர் சிப்பின் எண்ணைக் கண்ணால் பார்த்துப் படித்த பிறகே தேர்ந்தெடுங்கள். தவறான சிப்பைச் சொன்னால் அந்தக் கணமே தொங்கும், அதுவும் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது.

எண்ணை மாத்தி சேவ் பண்ணேன், இப்ப திரையே வரல!

பவர் கேபிளைக் கழற்றி, பயாஸில் வைத்ததை அழிக்கும் சிமாஸ் கிளியர் ஜம்பரைச் சில நொடி மாற்றிவைத்து மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜம்பர் கிடைக்கவில்லை என்றால் கேபிளைக் கழற்றிய நிலையிலேயே பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். ஜம்பரால் எஃப்எஸ்பி வைக்கும் பழைய போர்டு என்றால் இதெல்லாம் தேவையில்லை, ஜம்பரைத் திருப்பி வைத்தால் போதும்.

இதையெல்லாம் படிச்சுட்டு சாண்டி பிரிட்ஜ்ல 100-ஐ 110 ஆக்கினேன். ஒண்ணுமே ஓடலையே?

2011-இல் வந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜில் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்தான் சிபியு, சிப்செட்டுக்குப் போகும் டிஎம்ஐ பாதை, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. லாக் இல்லை, தாவுவதற்கு அடுத்த டிவைடரும் இல்லை; 83-இல் மாட்டிக்கொண்ட பழைய போர்டின் நிலைமைதான், தப்பிக்க 100 என்ற படி மட்டும் கிடையாது. 103, 105 என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வேகம் வேண்டுமென்றால் மல்டிப்ளையர் திறந்த கே வகைச் சிப் வாங்க வேண்டும். அதே ஆண்டின் கடைசியில் வந்த சாண்டி பிரிட்ஜ்-ஈயில் மட்டும் 125, 166 என்று படிகள் திரும்பி வந்தன. அவற்றை வைத்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் 100-லேயே நிற்கும். பயாஸில் அதற்கு ஸ்ட்ராப் என்று பெயர் போட்டிருப்பார்கள்; செய்யும் வேலை பழைய டிவைடரின் வேலையேதான்.